ஒரு கப் மாவில் எவ்வளவு மாவு இருக்கிறது?

சமையல் குறிப்பு ஒன்றில் 'மைதா 2 கப்' என்று எழுதியிருக்கிறது. வீட்டில் தராசு இருப்பதால் கிராம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, அளவுப் பட்டியல்களைப் புரட்டுகிறீர்கள். ஒரு பட்டியலில் ஒரு கப் மைதா 120 கிராம் என்றிருக்கிறது. இன்னொன்றில் 125, வேறொன்றில் 140, மற்றொன்றில் 150 என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், நான்குமே சரியாக இருக்கக்கூடும். அது எப்படி என்று விளங்கிவிட்டால், கப்பிலிருந்து கிராமுக்கும் கிராமிலிருந்து கப்புக்கும் மாற்றுவது வெறும் பெருக்கல், வகுத்தல் கணக்காகிவிடும்; விளங்காவிட்டால் எவ்வளவு நல்ல பட்டியலைக் கையில் வைத்திருந்தாலும் கேக் ஒரு நாள் மெத்தென்றும் மறுநாள் வறண்டும்தான் வரும்.

பொருள்களை அளக்க முகத்தலளவை, நிறுத்தலளவை என்று இரண்டு வழிகள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதை முகத்தலளவை சொல்கிறது. கப், டேபிள்ஸ்பூன், டீஸ்பூன், மில்லி லிட்டர் எல்லாம் இந்த வகை. அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறுத்தலளவை சொல்கிறது. கிராம், கிலோ, அவுன்ஸ், பவுண்டு இந்த வகை. (இயற்பியல் பாடத்தில் கிராம் என்பது நிறையின் அலகு, எடை என்பது வேறு. அடுப்படிக் கணக்குக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது என்பதால், இக்கட்டுரையில் எடை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.) இந்த இரண்டு அளவைகளுக்கும் இடையே பாலமாக இருப்பது அடர்த்தி. ஒரு மில்லி லிட்டர் இடத்தில் எத்தனை கிராம் பொருள் இருக்கிறது என்பதே அதன் அடர்த்தி.

தண்ணீரில் தொடங்குவதுதான் எளிது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். இது தற்செயலாக அமைந்த பொருத்தம் அன்று. 1795-இல் பிரான்சில் மெட்ரிக் முறையை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையே ஒரு கிராம் என்று வரையறுத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு மில்லி லிட்டரும் ஒன்றே. இன்று கிராமுக்கு வேறு வரையறை வந்துவிட்டது என்றாலும், சமையலறைக்கு அந்தப் பழைய கணக்கு அப்படியே பொருந்துகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் 250 மில்லி தண்ணீரைத் தராசில் வைத்தால் 250 கிராம் என்றே காட்டும். கொதிக்கும் நீர் சற்று விரிந்திருக்கும் என்பதால் அதே 250 மில்லி ஏறக்குறைய 240 கிராம்தான் இருக்கும். சுடுநீரைக் கப்பால் அளந்து மாவில் ஊற்றுகிறவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்தால் போதும்.

மற்ற திரவங்களுக்குத் தண்ணீரே ஒப்பீட்டு அளவு. பாலின் அடர்த்தி சுமார் 1.03, எனவே 250 மில்லி பால் 257 கிராம் அளவுக்கு வரும். சமையல் எண்ணெய்கள் தண்ணீரைவிட இலேசானவை, அடர்த்தி 0.92-ஐ ஒட்டியிருக்கும், 250 மில்லி எண்ணெய் 230 கிராம். தேன் நல்ல கனம், அடர்த்தி சுமார் 1.42, அதே கப்பில் 355 கிராம் தேன் பிடிக்கும். திரவங்களைப் பொறுத்தவரை இவை நம்பத்தக்க எண்கள். யார் ஊற்றினாலும், எந்த உயரத்திலிருந்து ஊற்றினாலும், திரவம் இடைவெளி விடாமல் பாத்திரத்தை நிரப்பிவிடுகிறது. அதனால் திரவத்துக்கு ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்ள முடிகிறது.

மாவு, சர்க்கரை, உப்பு போன்ற உலர்ந்த பொருள்களுக்கு வரும்போதுதான் இந்த ஒழுங்கு குலைகிறது. காரணம், கப்பில் அவற்றோடு காற்றும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

சர்க்கரையைப் பாருங்கள். ஒரு சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி 1.59, அதாவது தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. அப்படியானால் 250 மில்லி கப்பில் ஏறக்குறைய 400 கிராம் சர்க்கரை பிடிக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் சுமார் 210 கிராம்தான் இருக்கிறது. அந்தப் படிகங்களையெல்லாம் இடைவெளியே இல்லாத ஒரே கட்டியாக ஆக்க முடிந்தால் அது 130 மில்லியைச் சற்றே தாண்டும். மீதி 120 மில்லி அளவுக்கு இருப்பது படிகங்களுக்கு இடையில் சிக்கிய காற்று. நாம் 'ஒரு கப் சர்க்கரை' என்று சொல்லி அளப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் வெறும் காற்று.

இதைத் தவிர்க்கவும் முடியாது. ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் அவை இடத்தில் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611-இல் வானியலாளர் கெப்ளர் கருதினார். அது சரியே என்பதற்கான நிறுவலைக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் முன்வைத்தார். அடுக்காமல் கொட்டி, நன்றாகக் குலுக்கி இறுக வைத்தால் 64 விழுக்காடு வரைதான் நிரம்பும். குலுக்காமல் விட்டால் இன்னும் குறையும். சர்க்கரைப் படிகம் உருண்டை அன்று என்றாலும், அது கப்பில் நிரப்பும் இடம் இந்தக் கணக்கிலிருந்து வெகுதூரம் விலகுவதில்லை. எனவே உலர்ந்த பொருளுக்கு அதன் சொந்த அடர்த்தியைக் கொண்டு கணக்கிடுவதில் பயனில்லை. இடையிலுள்ள காற்றையும் சேர்த்து ஒரு மில்லி இடத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைக் குவியல் அடர்த்தி என்று சொல்லலாம். சர்க்கரைக்கு அது சுமார் 0.85. மைதாவுக்கு 0.45 முதல் 0.6 வரை.

சர்க்கரைக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு மைதாவுக்கு மட்டும் 'முதல், வரை' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சர்க்கரைப் படிகங்கள் ஓரளவு பெரியவை. ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி, தமக்குரிய இடத்தில் போய் விழுந்துவிடுகின்றன. மாவுத் துகள்களோ மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துகளுக்குத் தன் எடையைவிடப் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும் விசை வலுவாக இருக்கிறது. அதனால் அவை கீழே சரிந்து இறங்காமல் கையோடு கை கோத்து நிற்கின்றன. இடையிடையே சிறு சிறு குகைகள் உண்டாகின்றன. மெதுவாகப் போட்ட மாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மாவு, மீதி காற்று. ஒரு தட்டுத் தட்டினால், ஓர் அழுத்து அழுத்தினால் குகைகள் இடிந்து மாவு அடங்கிவிடும். சலித்தால் மீண்டும் பூரித்துக்கொள்ளும். மாவு அதே மாவுதான். அது சுமந்திருக்கும் காற்றுதான் கூடியும் குறைந்தும் போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க அரை மணி நேரம் போதும். 250 மில்லி கப் ஒன்றையும் மைதா டப்பாவையும் தராசையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாவைக் கப்பின் மேலேயே சலித்து, கோபுரமாகக் குவியவிட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுத்துப் பாருங்கள். 115 கிராமை ஒட்டி வரும். அதைக் கொட்டிவிட்டு, இம்முறை டப்பாவிலுள்ள மாவைக் கரண்டியால் கிளறி, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டுத் தலைதட்டுங்கள். 125 முதல் 130 வரை இருக்கும். மூன்றாவது முறை கப்பையே டப்பாவுக்குள் விட்டு முகந்து தலைதட்டினால் 150-ஐத் தொட்டுவிடும். முகந்த கையோடு மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தை மேலும் நிரப்பினால் இன்னும் ஏறும். கப் ஒன்று, மாவு ஒன்று, ஆள் ஒருவர்; இவ்வளவு வேறுபாடு கையின் போக்கிலிருந்து மட்டுமே வருகிறது. தொடக்கத்தில் சொன்ன நான்கு எண்களும் சரியாக இருக்கக்கூடும் என்றது இதனால்தான். ஒவ்வொரு பட்டியலையும் ஒருவர் ஒரு விதமாகக் கப்பை நிரப்பி எழுதியிருக்கிறார்.

தலைதட்டுவதையும் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. வாய் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமான கப்பில், விளிம்புக்கு மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரம் கூடினால் அது 5 மில்லி, அதாவது முழுதாக ஒரு டீஸ்பூன். வாய் குறுகிய உயரமான கப்பில் அதே ஒரு மில்லிமீட்டர் அவ்வளவு தவறு செய்யாது. பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில், கப்பையும் ஸ்பூனையும் எப்போதும் தலைதட்டியே அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு முன் 'குவித்த ஒரு கரண்டி', 'முட்டை அளவு வெண்ணெய்' என்றெல்லாம் எழுதுவது பரவலாக இருந்தது. அவர் கொண்டுவந்த ஒழுங்கு பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைதட்டுவது மேற்புறத்தைத்தான் சமன் செய்கிறது. உள்ளே மாவு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அதனால் சரிசெய்ய முடியாது.

இந்த வேறுபாடு ரொட்டி மாவில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ரொட்டி சுடுபவர்கள் மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் அதில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். ஒரு குறிப்பு 4 கப் மாவுக்கு 325 மில்லி தண்ணீர் என்று சொல்கிறது. எழுதியவரின் கப் 125 கிராம் பிடித்தது. அவருடைய மாவு 500 கிராம், தண்ணீர் 65 விழுக்காடு. கைக்கு இதமான, மிருதுவான மாவு கிடைக்கும். நீங்கள் கப்பை டப்பாவில் விட்டு முகக்கிறீர்கள். ஒவ்வொரு கப்பிலும் 155 கிராம் ஏறிவிடுகிறது. உங்கள் மாவு 620 கிராம். அதே 325 மில்லி தண்ணீர் இப்போது 52 விழுக்காடுதான். மாவு கல்லைப் போல இறுகும், பிசையப் பிசையக் கை வலிக்கும், ரொட்டி கனத்துப் போகும். குறிப்பில் சொன்னபடியேதான் செய்தோம் என்று இருவருமே சொல்லலாம், இருவர் சொல்வதும் உண்மை. நானும் பல நாள் ஈஸ்ட் சரியில்லை என்றே நினைத்து, பாக்கெட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை முகக்கும் விதத்தை மாற்றிய அன்றுதான் ரொட்டி எழும்பியது.

பொடித்த சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை மிகப் பெரிதாகிவிடும். படிகமாக இருக்கும்போது 250 மில்லி கப்பில் 210 கிராம் பிடித்த அதே சர்க்கரை, நைஸாகப் பொடித்த பிறகு 125 கிராம் அளவுக்குத்தான் பிடிக்கும். குறிப்பில் 'பொடித்த சர்க்கரை 1 கப்' என்றிருக்க, நீங்கள் ஒரு கப் சர்க்கரையை அளந்து மிக்சியில் போட்டுப் பொடித்து முழுவதையும் சேர்த்தால், வேண்டியதைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு இனிப்பு போய்விடும். இதே போலத்தான் 'சலித்த மைதா 1 கப்' என்பதும் 'மைதா 1 கப், சலித்தது' என்பதும். முதலாவதில் சலித்துவிட்டு அளக்கச் சொல்கிறார்கள். இரண்டாவதில் அளந்துவிட்டுச் சலிக்கச் சொல்கிறார்கள். கவனமாக எழுதுகிறவர்கள் சொற்களை இந்த வரிசையில் வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். எல்லாரும் அப்படிக் கவனமாக எழுதுவதில்லை என்பது வேறு.

இனி, கப் என்பது எத்தனை மில்லி என்ற கேள்வி. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் 236.6 மில்லி, அந்நாட்டு ஊட்டச்சத்து அட்டைகளில் அதையே 240 என்று முழுமையாக்கிப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப் என்றால் 250 மில்லி. ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் 200 மில்லி. அங்கே அரிசி அளக்கும் கப் 180 மில்லி என்று தனியாக இருக்கிறது, மின்சார ரைஸ் குக்கரோடு வருவதும் பெரும்பாலும் அதுதான். டீஸ்பூன் 5 மில்லி என்பதில் பெரிய குழப்பம் இல்லை. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, ஆனால் ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. அவுன்ஸ் என்ற சொல்லோ இரண்டு வேலை பார்க்கிறது: திரவ அவுன்ஸ் இடத்தைக் குறிக்கும், அமெரிக்கக் கணக்கில் 29.6 மில்லி, வெறும் அவுன்ஸ் எடையைக் குறிக்கும், 28.35 கிராம். தண்ணீருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்று எண்ணத் தோன்றும். தேனுக்கு அப்படியன்று. 8 அவுன்ஸ் தேன் எடையில் 227 கிராம். 8 திரவ அவுன்ஸ் தேன் 336 கிராம்.

கப் எந்த அளவாக இருந்தாலும் பல சமயங்களில் கவலைப்படத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குறிப்பில் எல்லாப் பொருள்களும் கப் கணக்கிலேயே இருந்தால், வீட்டிலுள்ள ஏதோ ஒரு டம்ளரை எடுத்து எல்லாவற்றையும் அதிலேயே அளந்தாலும் விகிதம் மாறாது. செய்யும் அளவு மட்டும் கூடும் அல்லது குறையும். முட்டை, ஈஸ்ட் பாக்கெட் போல எண்ணிக்கையில் வரும் பொருளோ, '200 கிராம் வெண்ணெய்' என்று எடையில் வரும் பொருளோ இடையில் நுழையும்போதுதான் கப்பின் அளவு முக்கியமாகிறது.

இப்போது கணக்கு. கப் கணக்கைக் கிராமாக்க, கொள்ளளவை மில்லியில் எடுத்துக்கொண்டு குவியல் அடர்த்தியால் பெருக்க வேண்டும். ஓர் அமெரிக்கக் குறிப்பு ஒன்றரைக் கப் சர்க்கரை கேட்டால், 236.6-ஐ 1.5-ஆல் பெருக்கி 355 மில்லி, அதை 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 300 கிராம். கிராமைக் கப்பாக்க வகுக்க வேண்டும். 300 கிராம் மைதா வேண்டும், தராசு இல்லை, உங்களிடம் இருப்பது 250 மில்லி கப், நீங்கள் கரண்டியால் இலேசாகப் போட்டு அளப்பவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கப் 125 கிராம் பிடிக்கும். 300-ஐ 125-ஆல் வகுத்தால் 2.4 கப். அந்தப் புள்ளி நான்கு கப் 100 மில்லி. அது 6 டேபிள்ஸ்பூனும் 2 டீஸ்பூனும் ஆகும். ஸ்பூனையும் அதே போல இலேசாக நிரப்பித் தலைதட்ட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெருக்க வேண்டிய எண்ணை எங்கிருந்து எடுப்பது? பட்டியலிலிருந்து எடுக்கலாம், ஆனால் நீங்களே உங்கள் கப்பைக் கொண்டு கண்டுபிடித்த எண்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. இதை ஒரு முறை செய்துவிட்டால் பல ஆண்டுகளுக்குப் போதும். முதலில் கப்பின் உண்மையான கொள்ளளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் கப்பைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு 242 என்று காட்டினால் உங்கள் கப் 242 மில்லி. அடியில் 250 என்று பொறித்திருந்தாலும் தராசு சொல்வதையே நம்புங்கள். கப்பை நன்கு துடைத்து உலர்த்திவிட்டு, மாவை எப்போதும் அளக்கும் விதத்திலேயே நிரப்பி நிறுங்கள். ஒரே முறையோடு நிறுத்தாமல் ஐந்து முறை செய்து சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையில் ஐந்து எண்களும் மிக நெருங்கியே வரும். மாவில் பத்துக் கிராம் வரை தள்ளித் தள்ளி வரும். அந்த இடைவெளியையும் குறித்து வைப்பது நல்லது, ஏனெனில் எந்தப் பொருளைக் கப்பால் அளக்கலாம், எதைக் கட்டாயம் நிறுக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

தராசைப் பற்றிச் சில விவரங்கள். பல சமையலறைத் தராசுகளில் மில்லி லிட்டர் காட்டும் வசதி இருக்கிறது. அது எந்தப் பொருளின் கொள்ளளவையும் அளப்பதில்லை; எடையைப் பார்த்து, அது தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு மில்லியைச் சொல்கிறது. எண்ணெயையோ தேனையோ வைத்துவிட்டு அந்த எண்ணை நம்பினால் தவறாகிவிடும். இன்னொன்று, ஒரு கிராம் நுண்மையுள்ள தராசில் 3 கிராம் ஈஸ்டை நிறுப்பது வீண் முயற்சி. அரைக் கிராம் முன்பின்னாகக் காட்டினாலே ஆறில் ஒரு பங்கு பிழை. அதுவுமன்றி, சிட்டிகை சிட்டிகையாகப் போடும்போது சில தராசுகள் அதை எடையாகவே கொள்ளாமல் பூச்சியத்திலேயே நின்றுவிடும். இத்தகைய சிறிய அளவுகளுக்குத் தலைதட்டிய டீஸ்பூனே மேல்: ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், பேக்கிங் பவுடர் சுமார் 4 கிராம். தராசு சரியாக இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், ஊசியில்லாத 10 மில்லி மருந்துச் சிரிஞ்சால் தண்ணீரை இழுத்து ஐந்து முறை தராசிலுள்ள கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். 50 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். வெகுவாக விலகினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கவும்.

உப்பு சிறிய அளவில் வரும் பொருள்தான், ஆனாலும் அதற்கு டீஸ்பூனை அப்படியே நம்பிவிட முடியாது. நைஸான தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். பரல் பரலாக, தகடு தகடாக இருக்கும் உப்பு அதே டீஸ்பூனில் 3 கிராமாகவும் இருக்கலாம், 5 கிராமாகவும் இருக்கலாம். எடைக்கு எடை எல்லா உப்பும் ஏறக்குறைய ஒரே கரிப்புதான்; கரண்டியில் எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் மாறுகிறது. தூள் உப்பை வைத்து எழுதிய குறிப்பில் பரல் உப்பை அதே ஸ்பூன் கணக்கில் போட்டால் சப்பென்றிருக்கும்; மாற்றிச் செய்தால் வாயில் வைக்க முடியாது.

வெண்ணெயைக் கப்பில் அழுத்தி அளப்பது தொல்லை. மூலையில் காற்றுப் பை நிற்கும், பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தராசு இல்லாதவர்களுக்குத் தண்ணீரே உதவும். 500 மில்லி அளவுக் குவளையில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, மிதக்கவிடாமல் ஒரு மெல்லிய கரண்டியால் நீர் மட்டத்துக்குக் கீழே அமுக்குங்கள். மட்டம் 375-இல் நின்றால் உள்ளே இருப்பது 125 மில்லி வெண்ணெய், அடர்த்தி 0.95 என்று கொண்டால் ஏறக்குறைய 119 கிராம். மட்டத்தைப் பார்க்கும்போது குவளையைத் தூக்கிப் பிடிக்காமல், மேடையிலேயே வைத்துக் குனிந்து கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேனுக்கு இதற்கு நேர் எதிரான வழி. தேன் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கரண்டியால் எடுத்துக் கலவையில் விட்டுக்கொண்டே வாருங்கள். தராசு கழித்தல் குறியோடு எவ்வளவு எடுத்தீர்கள் என்று காட்டும். கப்பும் ஒட்டாது, தேனும் வீணாகாது.

நறுக்கிய காய், துருவிய பாலாடைக்கட்டி, கீரை ஆகியவற்றைக் கப்பில் சொல்லும் குறிப்புகளை நான் கிராமாக மாற்ற முயல்வதே இல்லை. துண்டின் அளவும் அமுக்கும் கையும் மாறுகிற வேகத்துக்கு எந்த எண்ணும் நிற்காது. அந்த உணவுகளும் பெரும்பாலும் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கெட்டுப்போவதில்லை.

வீட்டில் ஒருவர் பல்லாண்டுகளாகக் கப்பும் கண்ணளவுமாகச் செய்துவரும் ஒரு பலகாரத்தைக் கிராமில் எழுதிவைக்க விரும்பினால், பட்டியல்களையும் மேலே சொன்ன பெருக்கல்களையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அவர் செய்யும் நாளில் கூடவே நின்று, அவருடைய பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, ஒவ்வொரு பொருளையும் அவர் கொட்டுவதற்கு முன் பூச்சியமாக்குங்கள். 'தலைதட்டுங்கள்', 'இலேசாகப் போடுங்கள்' என்று எதுவும் சொல்லாதீர்கள். அவர் கப்பைக் குவித்துப் போடுவாராயின் குவித்தே போடட்டும். மேடையில் தட்டுவாராயின் தட்டட்டும். ஒரு கப் மாவு என்று சொல்லி அவர் போட்டது 163 கிராம் என்று தராசு காட்டினால், பட்டியல் 125 என்று சொன்னாலும் 163 என்றே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அந்தக் கப் எத்தனை மில்லி என்பதையும் குறித்துவிடுங்கள்.